17,000 ஹெர்ட்ஸ்: பிள்ளைகளுக்குக் கேட்கிறது, நமக்கு ஏன் கேட்பதில்லை?

சுவர்க்கோழி எழுதியது:

வீட்டில் பழைய சார்ஜர் ஒன்று இருக்கிறது. அதைச் செருகினாலே "அந்தக் கீச்சு சத்தத்தை நிறுத்துங்கப்பா" என்று மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். அவளுக்கு 14 வயது, எனக்கு 46. எனக்கோ பக்கத்தில் போய் நின்றாலும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கைபேசியில் ஒலி எழுப்பும் ஆப் ஒன்றை இறக்கி இருவரும் சோதித்துப் பார்த்தோம். 12,000 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தாண்டியதும் எனக்கு நிசப்தம். அவள் 17,000 வரை "கேட்குது, கேட்குது" என்று சொல்லிக்கொண்டே போனாள். சும்மா சொல்கிறாளோ என்று அவளுக்குத் தெரியாமல் ஒலியை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகவே சொன்னாள்.

இது நோயா, வயதா? அதைவிட என்னைக் குடைவது இன்னொரு கேள்வி. காது மங்குவதென்றால் எல்லாச் சத்தமும் சேர்ந்துதானே மங்க வேண்டும்? ஏன் மேல் சுருதி மட்டும் முதலில் போகிறது? சமீபத்தில் வேறு காரணத்துக்காக எடுத்த ஆடியோகிராமில் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடம்) எனக்கு எல்லாம் நார்மல் என்றுதான் வந்தது.

பழைய_வால்வு எழுதியது:

வயதுதான் சார், பயப்படாதீர்கள். நான் டிவி ரிப்பேர் தொழிலில் இருந்தவன். பிக்சர் டியூப் காலத்து டிவியில் படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 25 படம். பெருக்கினால் 15,625. ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் அந்த வேகத்தில் அதிர்ந்து ஒரு மெல்லிய கீச்சை விட்டுக்கொண்டே இருக்கும். (525 வரி முறை இருந்த நாடுகளில் அது 15,734.) தொழிலுக்கு வந்த புதிதில், சவுண்டைச் சுத்தமாகக் குறைத்திருந்தாலும் அடுத்த அறையில் டிவி ஓடுகிறதா இல்லையா என்று அதை வைத்தே சொல்லிவிடுவேன். நாற்பது வயதுக்குப் பிறகு அந்தச் சத்தம் எப்போது என்னை விட்டுப் போனது என்றே தெரியவில்லை. பட்டறைப் பையன்கள் "அண்ணே, இந்த செட் ரொம்பக் கத்துது" என்பார்கள். நானும் தலையாட்டி வைப்பேன்.

செவிச்செல்வி எழுதியது:

நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதிப்பவள். சுவர்க்கோழி சார் கேட்ட இரண்டாவது கேள்விதான் சுவையானது, அதற்கே போகிறேன்.

உள்காதில் காக்ளியா என்று நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. அதற்குள் ஓடும் அடிச்சவ்வை நீட்டி வைத்தால் 35 மில்லிமீட்டர் வரும். ஒலி உள்ளே நுழையும் முனையில் இந்தச் சவ்வு குறுகலாக, விறைப்பாக இருக்கும். உள்ளே போகப்போக அகன்று தளர்ந்துவிடும். விறைப்பான இடம் வேகமான அதிர்வுக்கு நன்றாக ஆடும், தளர்ந்த இடம் மெதுவான அதிர்வுக்கு. அதனால் ஒவ்வொரு சுருதிக்கும் சவ்வில் ஒரு சொந்த இடம் உண்டு. 17,000 ஹெர்ட்ஸின் இடம் வாசலை ஒட்டி, 100 ஹெர்ட்ஸின் இடம் சுருளின் உச்சியில். இறந்தவர்களின் காதுகளை நுண்ணோக்கியில் வைத்து இந்த அலை ஓடுவதைக் கண்டு சொன்னவர் கெயார்க் ஃபான் பெக்கெஷி. 1961இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார்.

சவ்வின் மேல் இரண்டு வகை ரோம செல்கள் நிற்கின்றன. உள்வரிசையில் ஒரு காதுக்குச் சுமார் 3,500. இவைதான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிப்பக்கம் மூன்று வரிசையாகச் சுமார் 12,000. இந்த வெளி செல்கள் ஒலிக்கு ஏற்பத் தாங்களே நீண்டு சுருங்கி, சவ்வின் ஆட்டத்தைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அதற்கு உதவும் பிரெஸ்டின் என்ற புரதத்தை 2000இல்தான் கண்டுபிடித்தார்கள். வெளி செல் செத்துவிட்டால் அந்த இடத்தில் பெருக்கம் நின்றுபோகும். மெல்லிய ஒலி காணாமல் போய்விடும், உரத்த ஒலி மட்டும் கேட்கும்.

மனிதனுக்கு இந்த செல்கள் மறுபடி முளைப்பதில்லை. பிறக்கும்போது இருப்பதுதான் ஆயுளுக்கும். அவை சாகத் தொடங்குவது வாசல் முனையில். ஆகவே உச்ச சுருதி முதலில் போகிறது. வயதான பிறகு திடீரென்று நடப்பதும் இல்லை, இருபதுகளிலேயே வாசல் முனையிலிருந்து தேயத் தொடங்கிவிடும். உங்கள் மகளுக்கும் இந்த 17,000 ரொம்ப நாள் இருக்காது.

அரைகுறை_விஞ்ஞானி எழுதியது:

வாசல் முனை ஏன் முதலில் சாகிறது என்பதற்கு எளிய விளக்கம் இருக்கிறதே. எந்தச் சுருதியாக இருந்தாலும் ஒலி வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் போட்ட மிதியடிதானே வீட்டில் முதலில் தேயும்? உச்சியில் இருக்கும் செல்களுக்கு அவரவர் விருந்தாளி மட்டும்தான். வாசல் செல்களை ஊரே மிதித்துக்கொண்டு போகிறது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

செவிச்செல்வி எழுதியது:

மிதியடி உவமை அழகாகத்தான் இருக்கிறது. வகுப்பில் பலரும் சொல்வதுதான். ஆனால் எனக்கு அதில் திருப்தி இல்லை.

முதல் காரணம், கீழ்ச்சுருதி அலை வாசலைக் கடக்கும்போது அங்கே உள்ள விறைப்பான சவ்வு அதற்கு அதிகம் ஆடுவதே இல்லை. அலை தன் சொந்த இடத்தை நெருங்கும்போதுதான் எழுந்து உச்சம் தொடும், அதோடு அடங்கிவிடும். சாதாரணப் பேச்சு, பாட்டு அளவில் எல்லோரும் வாசல் செல்களை மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்பது பொருந்தாது.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் ஆகியவை சிலருக்குக் காதைப் பாதிக்கும். ரத்தம் வழியாக வரும் மருந்து அது, ஒலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அப்போதும் முதலில் சாவது அதே வாசல் முனை வெளி செல்கள்தான். மருத்துவமனைக் கட்டிலில் அமைதியாகப் படுத்திருப்பவருக்கும் இதே வரிசையில்தான் போகிறது. அப்படியென்றால் பலவீனம் அந்த செல்களுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

விலங்குகளின் காதுகளில் பார்த்தபோது, செல்லைக் காக்கும் குளூட்டாதையோன் என்ற பொருள் உச்சியில் உள்ள வெளி செல்களைவிட வாசலில் உள்ளவற்றில் குறைவாக இருந்தது. இரண்டு பகுதி செல்களையும் வெளியே எடுத்து ஒரே கிண்ணத்தில் வைத்தாலும் வாசல் பக்கத்து செல்கள் சீக்கிரம் இறக்கின்றன. கிண்ணத்துக்குள் வாசல் ஏது, மிதிப்பவர் ஏது? வேகமான அதிர்வுக்கு ஈடுகொடுக்கும் செல், கழிவையும் வேகமாக உண்டாக்கும், அதைச் சமாளிக்கும் திறனோ குறைவு. என் பார்வையில் விளக்கத்தின் பெரும்பங்கு இதுதான்.

அரைகுறை_விஞ்ஞானி எழுதியது:

கிண்ணம் என்னை மடக்கிவிட்டது. சரி, உள்காதுக்கு மின்னழுத்தம் கொடுக்கும் ஒரு திசு வயதானால் சுருங்கிவிடுகிறது, கேட்கும் திறன் குறைய அதுதான் முக்கியக் காரணம் என்றும் படித்த ஞாபகம். அது என்ன கணக்கு?

செவிச்செல்வி எழுதியது:

ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ். காக்ளியாவின் பக்கச் சுவரில் இருக்கிறது. உள்ளே உள்ள திரவத்தைச் சுமார் 80 மில்லிவோல்ட்டில் வைத்திருப்பது அதன் வேலை. முதியவர்களின் செவிக்குறைவுக்கு அதுதான் முதன்மைக் காரணம் என்று பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. அமைதியான கூண்டில் வளர்த்த ஆய்வக விலங்குகளில் அப்படித்தான் தெரிந்தது.

2020இல் வூ, லிபர்மேன் குழுவினர் இறந்த மனிதர்களின் 120 காதுகளை எடுத்து செல் செல்லாக எண்ணினார்கள். அந்த மனிதர்கள் உயிரோடு இருந்தபோது எடுத்த ஆடியோகிராமுடன் ஒப்பிட்டார்கள். செவிக்குறைவை நன்றாகக் கணித்தது ரோம செல் இழப்பு. ஸ்ட்ரியா சுருங்கியதற்குப் பங்கு மிகக் குறைவு. இன்னொன்றும் தெரிந்தது. அமைதியில் வளர்ந்த விலங்குகளைவிட மனிதக் காதில் செல் இழப்பு மிக அதிகம். அவர்கள் அதிலிருந்து ஊகித்தது, நாம் "வயது" என்று சொல்வதில் ஒரு பங்கு வாழ்நாள் முழுக்கக் கேட்ட இரைச்சல் என்று.

பழைய_வால்வு எழுதியது:

அப்படியானால் சத்தமே இல்லாத இடத்தில் வாழ்ந்தால் எழுபதிலும் எனக்கு ஃப்ளைபேக் கேட்டிருக்குமா?

செவிச்செல்வி எழுதியது:

இதே ஆசையில்தான் சாமுவேல் ரோசன் என்ற காது மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் சூடானின் தென்கிழக்கில் வாழ்ந்த மபான் மக்களிடம் போனார். இயந்திரமே இல்லாத அமைதியான வாழ்க்கை. முதியவர்களின் செவி, தொழில் நகரங்களில் வாழும் அதே வயதினரைவிட மிக நன்றாக இருந்தது. ஆனால் வயதைச் சொல்லப் பதிவேடு கிடையாது. உணவும் ரத்த ஓட்டமும்கூட வேறு. இரைச்சலுக்கு மட்டும் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. அமைதியில் வளர்ந்த விலங்குக்கும் கடைசியில் உச்ச சுருதி போகத்தான் செய்கிறது. ஃப்ளைபேக் இன்னும் சில வருடம் கூடுதலாகக் கேட்டிருக்கலாம் சார், எழுபதில் கேட்பது கஷ்டம்.

இரைச்சல் கெடுத்த காதுக்குத் தனி அடையாளம் உண்டு. 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆடியோகிராமில் ஒரு பள்ளம் விழும், 8,000இல் கோடு மறுபடி கொஞ்சம் ஏறும். வயது மட்டும் என்றால் பள்ளம் இருக்காது, வலப்பக்கம் போகப்போகச் சரிந்துகொண்டே இருக்கும். ஆண்களுக்குப் பெண்களைவிடச் சரிவு அதிகம்.

பதினாறு எழுதியது:

எனக்கு வயசு பேரிலேயே இருக்கு. பெரியவங்களுக்குக் கேட்காத சத்தத்தை வச்சு பசங்களை விரட்ட ஒரு மிஷின் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

அரைகுறை_விஞ்ஞானி எழுதியது:

நிஜம்தான் தம்பி. பேர் மஸ்கிட்டோ. வேல்ஸில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 2005இல் கொண்டுவந்தார். சுமார் 17,400 ஹெர்ட்ஸ். கடை வாசலில் கூடி நிற்கும் இளைஞர்களுக்கு எரிச்சல் உண்டாக்கும், கடைக்காரருக்கோ ஒன்றுமே கேட்காது. அடுத்த வருடமே, சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், அதுவும் அமைதிப் பிரிவில்! பசங்கள் சும்மா இருப்பார்களா? அதே சத்தத்தை ரிங்டோனாக மாற்றி வகுப்பறைக்குள் கொண்டுபோனார்கள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அந்தக் கருவி பிடிக்காது. தப்பு செய்த பையனையும் செய்யாத பையனையும் ஒன்றாக அடிக்கிறது. கைக்குழந்தைக்கும் கேட்கும், அழத்தான் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. தூக்கி வைத்திருக்கும் அம்மாவுக்கோ கேட்காது. ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை 2010இல் பொது இடங்களில் இதைத் தடைசெய்யச் சொன்னது.

இந்த விளையாட்டு ரொம்பப் பழையது. பிரிட்டனில் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி 1876இல் உச்ச சுருதி விசில் ஒன்று செய்தார். கைத்தடி நுனியில் பொருத்திக்கொண்டு விலங்குக் காட்சிசாலையில் கூண்டு கூண்டாகப் போய் ஊதி, எந்த விலங்கு காதைத் திருப்புகிறது என்று பார்த்தார். பூனை வகைதான் முதலிடம். பல வயதுக்காரர்கள் கூடிய இடத்திலும் ஊதியிருக்கிறார். மற்றவர்களுக்குக் கேட்பது தங்களுக்குக் கேட்கவில்லை என்றதும் வயதில் மூத்த பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்துவிடுமாம், 1883இல் எழுதி வைத்திருக்கிறார்.

கேள்விக்குறி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அத்தனை உயரத்தில் நமக்கு எதற்குக் காது? 17,000இல் யாரும் பேசுவதில்லையே.

செவிச்செல்வி எழுதியது:

திசை கண்டுபிடிக்க. ஒலி இடப்பக்கமிருந்து வந்தால் வலக்காது தலையின் மறைவில் இருக்கும். அதிர்வெண் உயர உயரத்தான் அந்த மறைவு நன்றாக விழும். தலை சின்னதாக இருந்தால் இன்னும் உயரமான சுருதி தேவை. அதனால் எலிக்கு 80,000க்கு மேலும் கேட்கும். பூனைக்கு அறுபதாயிரத்துக்கு மேல், நாய்க்குச் சுமார் 45,000. யானைக்குப் பெரிய தலை, 12,000 வாக்கில் முடிந்துவிடும். பாலூட்டிகளில் நாமும் கீழ்ப்படியில்தான் இருக்கிறோம்.

மிக்ஸிங்_மேசை எழுதியது:

ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறேன். கைபேசியில் நீங்கள் எல்லோரும் செய்து பார்க்கும் சோதனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை.

இணையத்தில் "உங்கள் காதின் வயது என்ன" என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். சுருக்கிய ஒலிக்கோப்புகளில் பெரும்பாலும் 16,000க்கு மேல் வெட்டிவிடுவார்கள். 128 கிலோபிட் எம்பி3யில் அது வழக்கம். ஆக, 18,000 என்று திரையில் எழுதியிருக்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மட்டமான ஸ்பீக்கர் உச்ச சுருதியைத் தாங்க முடியாமல் கீழே வேறு சத்தங்களைக் கக்கும், தொடங்கும்போது "டப்" என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டு "எனக்கு 19,000 கேட்குது" என்று அறுபது வயதுக்காரர் குதிப்பார். சுவர்க்கோழி சார் ஆப்பில் நேரடியாக ஒலி எழுப்பியதும், மகளுக்குத் தெரியாமல் நிறுத்திப் பார்த்ததும்தான் சரியான வழி. அப்போதும் கைபேசி ஸ்பீக்கர் எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் கொடுக்காது. அவர் சொன்ன 12,000 என்பதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றாதீர்கள். கேட்காத ஒலியும் காதுக்குள் போகத்தான் செய்யும். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால் அதன் பாடு திண்டாட்டம்.

இன்னொரு விஷயம், "கேட்கும்", "கேட்காது" என்று கோடு கிழிக்கவே முடியாது. காது நன்றாக உள்ள இருபது வயதுக்காரருக்கே 16,000 ஹெர்ட்ஸ் கேட்க ஏறக்குறைய 40 டெசிபல் வேண்டும். 18,000க்கு 70 டெசிபல் வரை போக வேண்டும். பேச்சுச் சுருதிக்கு 0 டெசிபலை ஒட்டியே போதும். 20,000 என்று புத்தகத்தில் போட்டிருப்பது செங்குத்தான மலையின் உச்சி. அங்கே ஏறியவர்கள் குறைவு.

சுவர்க்கோழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் எனக்கு என்னதான் நஷ்டம்? பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது.

மிக்ஸிங்_மேசை எழுதியது:

பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலே இருப்பவை அதன் மேற்சுரங்கள், சிம்பலின் மினுமினுப்பு, பாடகர் மூச்சு இழுக்கும் காற்று. என் தொழிலில் ஐம்பது தாண்டியவர்கள் அருமையாக மிக்ஸ் செய்கிறார்கள். மேலே ஏதாவது கீச்சு தங்கியிருக்கிறதா என்று மட்டும் உதவியாளரைக் கேட்கச் சொல்வார்கள், அல்லது திரையில் அலைவரிசைப் படத்தைப் பார்ப்பார்கள்.

செவிச்செல்வி எழுதியது:

பாட்டைவிடப் பேச்சில் கவனம் வையுங்கள் சார். ஆடியோகிராம் நார்மல் என்றீர்களே, வழக்கமான ஆடியோகிராம் 250இலிருந்து 8,000 வரைதான் பார்க்கும். பேச்சுக்கு வேண்டியது அதற்குள் வந்துவிடும் என்பதால் அந்த எல்லை. உங்களுக்குப் போனது அதற்கு மேலே. மருத்துவர் சொன்னதும் சரி, மகள் சொன்னதும் சரி.

இந்தச் சரிவு வருடக்கணக்கில் மெல்ல இறங்கி 8,000, 6,000, 4,000 என்று வரும்போதுதான் தொந்தரவு. உயிரெழுத்துகளின் வலு கீழ்ச்சுருதியில் இருக்கிறது. ஸ், ஃப் போன்ற ஒலிகளின் வலு பெரும்பாலும் 4,000க்கு மேலே. ஆகவே குரல் உரக்கக் கேட்கும், சொல் மட்டும் பிடிபடாது. "சத்தமா பேசாதே, தெளிவாப் பேசு" என்று வீட்டுப் பெரியவர் எரிந்து விழுந்தால் அவரைத் திட்டாதீர்கள். அவர் காதுக்குள் நடப்பதைத்தான் சொல்கிறார். முதலில் சிக்குவது கூட்டம், கல்யாண மண்டபம், மின்விசிறி ஓடும் அறை.

ஆடியோகிராம் நார்மலாக இருந்தும் கூட்டத்தில் மட்டும் பேச்சு புரியாதவர்களும் வருகிறார்கள். குஜாவாவும் லிபர்மேனும் 2009இல் எலிகளில் ஒன்று காட்டினார்கள். பலத்த இரைச்சலுக்குப் பிறகு கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிட்டது, ரோம செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் பாதி நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. "கச்சேரி முடிஞ்சு காது கொஞ்ச நேரம் அடைச்சிருந்தது, காலையில சரியாப் போச்சு" என்று யாராவது சொன்னால் நான் நிம்மதி அடைவதில்லை. காரணம் இதுதான்.

கேள்விக்குறி எழுதியது:

போனதைத் திரும்பக் கொண்டுவர மாத்திரை, எண்ணெய் ஏதாவது?

செவிச்செல்வி எழுதியது:

கிடையாது. எண்ணெய் ஊற்றினால் அது செவிப்பறைக்கு வெளியே நிற்கும். நாம் பேசும் இடம் உள்காதில். பறவைகளுக்கு ரோம செல்கள் மறுபடி முளைக்கின்றன என்று கோழிக்குஞ்சுகளில் 1980களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார்கள். பாலூட்டிகளில் அந்தக் கதவைத் திறக்க அன்றிலிருந்து முயல்கிறார்கள். மருந்தகத்தில் வாங்கும் அளவுக்கு எதுவும் வரவில்லை. காது மிஷின் பேச்சுச் சுருதிகளுக்கு உதவும், 15,000ஐத் திருப்பித் தராது.

இருப்பதைக் காப்பாற்ற உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு சொல்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி. 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்குங்கள். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10. ஒரு காதில் மட்டும் திடீரென்று குறைந்தால் இந்த இழையை எல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அது வயதின் வேலை அல்ல.

பதினாறு எழுதியது:

அக்கா, கடைசியா ஒண்ணு. அந்த ரிங்டோன் இப்பவும் வேலை செய்யுமா? எங்க டீச்சருக்கு முப்பத்தஞ்சு இருக்கும்.

மிக்ஸிங்_மேசை எழுதியது:

அக்காவுக்குப் பதில் நான் சொல்கிறேன். எம்பி3யாக இறக்கினால் மேல்பகுதி வெட்டுப்பட்டு உனக்கே கேட்காது. சுருக்காத கோப்பாக இருந்து, ஸ்பீக்கரும் ஒத்துழைத்தால் டீச்சருக்குக் கேட்காமல் போக வாய்ப்பு உண்டு. ஆனால் வகுப்பில் உள்ள மற்ற எல்லோருக்கும் கேட்கும். நாற்பது தலையும் ஒரே நேரத்தில் உன் பக்கம் திரும்பினால் டீச்சருக்குக் காது எதற்கு?